மாலை போட்ட சர்வர்

பாகீரதிக்கு உட்காரப் பிடிக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த அந்தச் சின்ன அறையில், சுவருக்கும் சுவருக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தாள்.

"மேடம், நீங்க நடக்கிற நடைக்கு இந்நேரம் ஹவுரா ஸ்டேஷன் போய் ரயிலே ஏறியிருக்கலாம்" என்றான் கோபு.

"ஏறினா உன்னை விட்டுட்டுத்தான் ஏறுவேன். மவுஸைப் பிடி."

கல்கத்தா துறைமுகத்தில் விஜிலென்ஸ் வேலையை உதறிவிட்டு, லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியறையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள் பாகீரதி. அதில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் கோபு. வாய்க்குத்தான் சம்பளம் என்பது அவள் கணக்கு.

அவர்கள் இப்போது இருந்தது ஹவுரா பக்கம் தாஸ்நகரில், இரும்பை உருக்கி வார்க்கும் ஓர் ஆலையில். சந்திரமல்லி காஸ்டிங்ஸ் என்று பெயர். துர்கா பூஜைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. வாசலில் பந்தலுக்கு மூங்கில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே உலை அணைந்து கிடந்தது. முந்தாநாள் அந்த உலையின் சூடு எல்லை மீறி, சுவர் விரிசல் விட்டு, உருகிய இரும்பு நிதாய் என்ற தொழிலாளியின் காலில் கொட்டியது. சூடு ஏறினால் அலறவேண்டிய சங்கு அலறவில்லை.

சங்கை அலறவைப்பது இந்த அறையில் இருக்கும் சர்வர். உலையின் சூட்டை அளக்கும் கருவி நொடிக்கு நொடி அதற்குச் செய்தி அனுப்பும். செய்தி வரும் வழியை யாரோ சர்வரிலேயே அடைத்திருந்தார்கள். அடைத்தது ஜலஜாவின் பெயரிலும் பாஸ்வேர்டிலும்.

ஜலஜா சுவரோடு சுவராக நின்றிருந்தாள். ஜாதவ்பூரில் படித்து, போன வருடம் இங்கே சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தவள். கீபோர்டைத் தொடக்கூடாது என்று முதலாளி காஞ்சிலால் தடை போட்டிருந்தார். சாயங்காலம் போலீஸ் வரும். வந்தால் அவளோடுதான் போகும்.

"மறுபடி சொல்லு. அந்த டூல் என்ன பண்ணும்?" என்றாள் பாகீரதி.

"சர்வரோடவே வர்றது ஆன்ட்டி. செக்யூரிட்டி கான்ஃபிகரேஷன் விசார்டுன்னு பேர். இந்த சர்வருக்கு என்ன வேலை, எது எது வேணும்னு ஒவ்வொண்ணா கேக்கும். வேணாததை நிறுத்திடும். வெளியிலேர்ந்து வர்ற கதவையும் சாத்திடும்."

"எது வேணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த நேரத்துல எது ஓடிட்டு இருக்கோ அதைப் பாக்கும். ஓடறது எல்லாம் வேணும்னு எடுத்துக்கும். நாம சரி, சரின்னு அழுத்திட்டே போலாம். அதனால எல்லா மெஷினும் ஓடிட்டிருக்கறப்பதான் அதைப் பண்ணணும். நான் அப்படித்தான் பண்ணேன். ஆகஸ்ட்ல. உலை எரிஞ்சிட்டிருந்தது. லாரி எடை போட்டுட்டிருந்தாங்க."

"இதை வேற யாருக்காவது சொன்னியா?"

"ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டு ஸ்க்ரீன்ல காமிச்சேனே. தூங்கறவனுக்குக் கதவு கிடையாதுன்னு சொன்னேன். சிரிச்சாங்க."

"பாஸ்வேர்டு?"

ஜலஜாவின் பார்வை கீபோர்டுக்குப் போனது. கோபு கீபோர்டைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"முதலாளிதான் ஒட்டச் சொன்னார். நான் லீவு போட்டா வேலை நிக்கக்கூடாதுன்னு" என்றாள் ஜலஜா.

"பிரமாதம். வீட்டுக்குப் புதுசா இரும்புக் கதவு போட்டுட்டு, சாவியை மிதியடிக்கு அடியில வச்சிருக்காங்க" என்றான் கோபு.

பாகீரதி நடையை நிறுத்தினாள். "சர்வர்ல தேதி எதுவும் பதிவாகலியா?"

"பழைய பதிவு மேல புதுசு ஏறிடுச்சு ஆன்ட்டி. எனக்கு ஒரு வாரமா காய்ச்சல். நான் படுத்திருந்தேன். வந்து பாக்கறதுக்குள்ள..."

"சரி. இப்ப எந்தெந்தக் கதவு சாத்தியிருக்கு?"

அவள் தூரத்திலிருந்தே விரலால் காட்ட, கோபு படித்தான். உலையின் சூடு. லாரி எடைமேடை. வாசலில் தொழிலாளிகள் கார்டு தேய்க்கும் பெட்டி.

"மூணுமே ஒரு வாரமா வேலை செய்யலைன்னு வாசல் காவல்கார தர்வான் சொன்னார். புகார் பண்ணலியான்னு கேட்டேன். 'பூஜை முடிஞ்சா மெஷின் கொஞ்சம் சோம்பல் முறிக்கும் தாதா, தானா சரியாகும்'னார்" என்றான் கோபு.

"எந்த பூஜை?"

"விஸ்வகர்மா பூஜைதான்."

பாகீரதியின் கால் மறுபடி நகர ஆரம்பித்தது. கல்கத்தாவில் விஸ்வகர்மா பூஜை என்றால் சுத்தியல்கூடக் கீழே இறங்கிவிடும். மெஷினுக்கு மாலை. தொழிலாளிக்கு ஆட்டுக்கறி. வானத்தில் பட்டம்.

"ஒரே நாள்ல உலையும் தூங்கி, எடைமேடையும் தூங்கி, வாசல்ல கார்டும் தேய்க்காத நாள் வருஷத்துக்கு எத்தனை?"

"ஒண்ணுதான்" என்றான் கோபு. முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. "அன்னிக்குத்தான் யாரோ இதை மறுபடி ஓட்டியிருக்கான். தூங்கினது எல்லாத்தையும் அது சாத்திடுச்சு."

"சாத்தினதை விடு. ஜலஜா விட்டு வச்சதைவிட அதிகமா எது திறந்திருக்கு?"

ஜலஜா தன்னை மறந்து திரைக்கு அருகில் வந்துவிட்டாள். "இது... ஹெல்ப்டெஸ்க்னு ஒரு புரோகிராம். இது எங்களோடது இல்ல. வெளியிலேர்ந்து இந்த ஸ்க்ரீனைப் பாக்கறதுக்கு, இங்க இருக்கற மாதிரியே வேலை செய்யறதுக்கு. ஆகஸ்ட்ல நான் ஓட்டினப்ப இது ஓடலை. அதனால இதோட கதவு அப்பவே அடைபட்டிருக்கும்."

"அடைச்ச கதவைத் திறக்கத்தான் ஒருத்தன் அவனோட புரோகிராமை எழுப்பி விட்டுட்டு, உன் டூலையே மறுபடி ஓட்டியிருக்கான். ஆபீஸ்ல ஆள் இல்லாத நாளாப் பாத்து. ஆள் இல்லாத நாள்ல மெஷினும் இருக்காதுன்னு அவனுக்குத் தோணலை."

"திருடனுக்கு டைமிங் முக்கியம்னு இதுக்குத்தான் சொல்றாங்க" என்றான் கோபு.

கண்ணாடிக் கதவு திறந்தது. காஞ்சிலால் முன்னால் வந்தார். பின்னால் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் திருவேங்கடம். அறுபதை நெருங்குகிற மனிதர், நெற்றியில் மெலிதான சிவப்புக் கோடு. இருபது வருடமாக இந்த ஆலையில் இருக்கிறார்.

"குழந்தை தெரியாமப் பண்ணிட்டா. இதைப் போட்டுக் குடையறேளே" என்றார் பாகீரதியிடம். பேசும்போதே அவர் கை மேஜையில் இருந்த ரப்பர் பேண்டை எடுத்து விரல்களில் சுற்றிக்கொண்டது. "தப்புன்னு எழுதிக் குடுத்துட்டா காஞ்சிலால் பாபு மன்னிச்சுடுவார். முதல்ல இந்த சர்வரை அணைச்சுடலாம். ஓடறது ஆபத்தோன்னோ?"

"ஓடட்டும் மாமா. அணைச்சா நான் என்னத்தைப் பாக்கறது" என்றாள் பாகீரதி.

காஞ்சிலால் வங்காளத்தில் பேசினார். நாளைக்குப் பாலத்து டெண்டர். அதற்கான ரேட்டு சர்வரில்தான் இருக்கிறது. அதுவரை அணைக்கும் பேச்சு வேண்டாம். கடைசி மூன்று டெண்டரில் ஒரே போட்டிக்காரன் மயிரிழையில் ஜெயித்திருக்கிறான். இந்தப் பெண்தான் விற்றாள் என்று தனக்கு இப்போது புரிகிறது.

"பூஜை அன்னிக்கு ஆபீஸுக்குள்ள யார் வந்தா?" என்று பாகீரதி அவர் மொழியிலேயே கேட்டாள்.

"யாரும் இல்லை தீதி. எல்லாரும் முற்றத்தில். புரோகிதர் இந்த சர்வருக்கும் மாலை போட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு எவன் தொடுவான்? கையை வெட்டினாலும் என் ஆட்கள் அன்றைக்கு ஒரு திருகாணியைத் தொட மாட்டார்கள்."

மாலை இன்னும் இருந்தது. சர்வர் வைத்திருந்த இரும்பு அலமாரியின் கதவில் குறுக்கே தொங்கிக் காய்ந்துபோயிருந்தது. அடுத்த வருடம் வரை அதை யாரும் கழற்றமாட்டார்கள். கீபோர்டு அந்த அலமாரிக்குள் இழுப்பறையில் இருந்தது. கோபு கதவைத் திறந்தபோது மாலையை ஒரு பக்கமாகத் தூக்கிக் கொக்கியில் மாட்டியிருந்தான்.

பாகீரதி அதன் அருகில் போய் நின்றாள். செண்டுமல்லி. ஊசியால் பூவின் வயிற்றைக் குத்தி, நூலில் கோத்த வங்காளத்து மாலை. ஆனால் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பூ வேறு மாதிரி இருந்தது. ஊசி பட்ட துளை அப்படியே இருக்க, ஒவ்வொரு பூவின் அடியிலும் நூல் சுற்றி முடிச்சு விழுந்திருந்தது.

"கோபு, இங்க வா."

கோபு பார்த்தான். மெதுவாக விசிலடித்தான். "மாலை அறுந்திருக்கு. அலமாரியைத் திறக்கறப்ப இழுத்திருக்கான். விழுந்த பூவைப் பொறுக்கி, கட்டி வச்சிருக்கான். கோக்கலை. தொடுத்திருக்கான். மேடம், இது நம்ம ஆள் கை."

அவன் தமிழில்தான் சொன்னான். ஆனால் அவன் பார்வை போன இடத்தைக் காஞ்சிலால் கவனித்தார். என்னவென்று கேட்டார். பாகீரதி சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது.

"அப்படியானால் முடிந்தது. என் ஆலையில் தமிழர்கள் இரண்டு பேர். திருவேங்கடம் பாபு கறி சமைக்கிற வாசனை வருவதற்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார், நானே வாசல்வரை போய் அனுப்பினேன். மிச்சம் யார்?"

ஜலஜாவின் முகம் வெளுத்தது. "நான் அன்னிக்கு முற்றத்துலதான் இருந்தேன் ஆன்ட்டி. பாயசம் பரிமாறிட்டு..." என்றவள் அதையே வங்காளத்திலும் சொன்னாள்.

"நாள் முழுக்கவா?" என்றார் காஞ்சிலால்.

அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

பாகீரதி மாலையின் அந்த ஒரு சாணைக் கத்தரித்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். காஞ்சிலாலைத் தனியாக அழைத்து இரண்டு காரியம் கேட்டாள். ஆபீஸில் எல்லாருடைய செல்போனும் அவர் மேஜைக்குள் போகவேண்டும். தான் வரும்வரை சர்வர் அணையக்கூடாது.

டாக்ஸி இரண்டாவது ஹூக்ளி பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. பாகீரதி கடிகாரத்தின் வாரைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள்.

"ஜலஜாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றான் கோபு.

"போலீஸ்ல குடுப்பேன்."

"அவ அப்பாதானே நமக்குப் பணம் குடுக்கறார்?"

"அதனால பில்லை முதல்லயே குடுத்துடுவேன்."

லேக் மார்க்கெட்டில் மல்லிகையும் கதம்பமும் விற்கிற அம்மாள் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தாள். காய்ந்த பூவைச் சுண்டிவிட்டு நூலை மட்டும் நகத்தால் நிமிண்டினாள்.

"நம்ம கட்டுதான். ஆனா கடைக் கட்டு இல்ல. நாங்க பூவுக்கு ஒரு சுத்து சுத்தி அடுத்த பூவுக்குப் போயிடுவோம். எங்களுக்கு நேரம் ஏது? இதுல பூவுக்கு ரெண்டு சுத்து. சாமிக்குன்னு உக்காந்து கட்டுற கை. கூடை சுமந்தாலும் உதிராது."

"புதுசாக் கத்துக்கிட்ட கையா இருக்குமா?"

"புதுசுக்கு இப்படி நெருக்கம் வராதும்மா. முடிச்சுக்கு முடிச்சு இடைவெளியைப் பாரு. கண்ணை மூடிட்டுக் கட்டின மாதிரி இருக்கு."

பாகீரதி ஒரு கூறு உதிரி செண்டுமல்லியும் ஒரு நூல்கண்டும் வாங்கினாள்.

"வீட்ல விசேஷமா?" என்றாள் அம்மாள்.

"ஒருத்தருக்குக் காரியம்" என்றான் கோபு.

அவர்கள் திரும்பியபோது போலீஸ் இன்னும் வரவில்லை. காஞ்சிலால் பொறுமையிழந்திருந்தார். திருவேங்கடம் ரப்பர் பேண்டை அறுத்துவிட்டு இப்போது ஒரு குண்டூசியை வளைத்துக்கொண்டிருந்தார். தன் செல்போனை ஒரே ஒரு நிமிடம் தரச்சொல்லி அவர் பலமுறை கேட்டதாகக் காஞ்சிலால் சொன்னார். வீட்டில் மாமி தனியாக இருக்கிறாளாம்.

பாகீரதி பூவை மேஜையில் கொட்டினாள். "பழைய மாலையை நான் அறுத்துட்டேன். அதுவும் பூஜை போட்ட மாலை. சர்வரைச் சரி பண்றதுக்கு முன்னாடி புதுசு போடணும். ஜலஜா, கட்டு."

ஜலஜா நூலை எடுத்தாள். முதல் பூ நழுவியது. இரண்டாவது பூவின் கழுத்து ஒடிந்தது. அவள் பிறந்தது இங்கே. வீட்டுக்குப் பூ முழம் கணக்கில் கட்டியேதான் வந்திருக்கிறது. மூன்றாவது பூ கீழே விழுந்தபோது அவள் அழ ஆரம்பித்தாள்.

"நடிக்கிறாள்" என்றார் காஞ்சிலால்.

"இருக்கலாம். கோபு, நீ கட்டு" என்றாள் பாகீரதி.

கோபு சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பார்சல் கட்டுகிறவன் போல பூவைப் பிடித்து இறுக்கினான். இதழ்கள் பிய்ந்து கொட்டின. நூலைப் பல்லால் இழுத்தான். அதையே திரும்ப எடுத்து ஒரு பூவின் தலையோடு சேர்த்துச் சுற்றினான்.

"டேய், பல்லுல வைக்காதே. எச்சல்" என்றார் திருவேங்கடம்.

"சர்வருக்குத்தானே மாமா. அதுக்கு என்ன தெரியப்போகுது." இன்னொரு பூவைக் கசக்கினான்.

"பூவை இப்படியா பிசையறது, பாவி."

"பூ செத்துப் போச்சு மாமா. இனிமே வலிக்காது." அடுத்ததை எடுத்தான்.

திருவேங்கடத்தின் விரல்கள் மேஜையின் விளிம்பைப் பிடித்தன, விட்டன, மறுபடி பிடித்தன. பாகீரதி அவற்றைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. கோபு நான்காவது பூவை இரண்டாகப் பிளந்தபோது அவருக்குத் தாங்கவில்லை.

"கொண்டாடா இங்கே."

பூவை மடியில் அள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண் கையைப் பார்க்கவில்லை. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டினார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நூல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று, இழுப்பு. காலையிலிருந்து ஒரு நொடி சும்மா இராத அந்தக் கைகள் முதல்முறையாக நிம்மதியாக வேலை செய்தன. ஒரு சாண் நீளம் வந்ததும் பாகீரதி கைக்குட்டையைப் பிரித்து, காய்ந்த ஒரு சாணை அதன் பக்கத்தில் வைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். கை நின்றது.

"அன்னிக்கு வாசல்வரை போய்ட்டுப் பின்பக்கமாத் திரும்பி வந்திருக்கேள்" என்றாள் பாகீரதி. "மாலை கையோட அறுந்து வந்துடுத்து. அப்படியே விட்டுட்டுப் போயிருந்தா, எலி கடிச்சுதுன்னு விட்டிருப்பா. சாமிக்குப் போட்ட பூவைத் தரையில விட்டுட்டுப் போக உங்களால முடியலை."

திருவேங்கடம் நிமிர்ந்தார். "ஊர்ல ஆயிரம் பேர் இப்படித்தான் கட்டுவா. ரெண்டு முடிச்சைக் காட்டி ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்வேளா?"

சொல்ல முடியாது. பாகீரதிக்கு அது டாக்ஸியிலேயே தெரியும். காஞ்சிலாலும் தயங்கினார். இருபது வருட விசுவாசத்தின் எதிரே ஒரு சாண் பூ.

"ஆன்ட்டி" என்றாள் ஜலஜா.

எல்லாரும் திரும்பினார்கள். அலமாரி திறந்திருந்தது. மவுஸ் தன் இடத்தில் கிடந்தது. அதன் அருகில்கூட யாரும் இல்லை. ஆனால் திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

முதலில் சற்றுத் தயங்கி, பிறகு வழி தெரிந்தது போல நேராகப் போனது. ஒரு கோப்புறை திறந்தது. அதற்குள் இன்னொன்று. பாலத்து டெண்டர்.

"தூங்காதவனுக்குத் திறந்து வச்ச கதவு" என்றாள் பாகீரதி. "நாளைக்கு டெண்டர்னா இன்னிக்கு வந்துதானே ஆகணும்."

கோபு எழுந்து அலமாரியை மறைக்காமல், ஆனால் கை எட்டாதபடி நின்றுகொண்டான். திருவேங்கடம் அவனைத் தாண்ட முயலவில்லை. மடியிலிருந்த பூக்கள் உருண்டு விழுந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் அந்த அம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது ரேட்டு இருந்த பக்கத்தை எட்டி நின்றபோது, திரைக்குக் காது இருப்பது போல மெல்லச் சொன்னார்.

"வேண்டாம்னு சொன்னேனேடா வருண்."

காஞ்சிலாலுக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெயர் தெரியும். திருவேங்கடத்தின் மகன்; அவன் பூணூல் கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறார். அவன் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்று அதுவரை அவர் கேட்டதில்லை. இப்போது கேட்டார். மூன்று டெண்டரிலும் ஜெயித்த கம்பெனியின் பெயரைக் காஞ்சிலாலே சொன்னார். திருவேங்கடம் அதை மறுக்கவில்லை.

"உலை எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில், பாகீரதியிடம். "ஆணையாத் தெரியாதும்மா. கதவு ஒண்ணுதான் திறக்கும்னு நினைச்சேன். மத்ததெல்லாம் சாத்திக்கும்னு..."

"ஜலஜா மீட்டிங்ல சொன்னாளே."

"நான் பாதிதான் கேட்டேன்."

பாகீரதிக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வருமா என்று ஒரு நொடி நின்று பார்த்தாள். இந்தப் பெண்ணிடம் எழுதி வாங்கப் பார்த்தவர் அவர்.

அம்பு தன் காரியம் முடிந்து போய்விட்டது. அது பார்த்த ரேட்டை டெண்டருக்குள் மாற்றிக்கொள்ளலாம். எங்கிருந்து வந்தது என்ற விலாசத்தைக் கோபு ஜலஜாவிடம் கேட்டு எழுதிக்கொண்டான். காஞ்சிலால் நாற்காலியை அலமாரிக்கு எதிரே இழுத்துப் போட்டு, ஜலஜாவைப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நாற்காலிதான் வந்தது.

அவள் உட்கார்ந்தாள். அதே விசார்டைத் திறந்தாள். கடைசியாகச் செய்ததை விலக்கிப் பழைய நிலைக்குப் போகவா என்று அது கேட்டது. அவள் சரி என்று அழுத்தினாள். பிறகு கீபோர்டைக் கவிழ்த்து, அடியில் இருந்த சீட்டைப் பிய்த்து அதை மென்று தின்றுவிடுபவள் போல முறைத்துவிட்டு, சுக்குநூறாகக் கிழித்தாள்.

"உலைக்காரங்ககிட்ட சொல்லுங்க. அளவுக் கருவியில பொய்ச் சூடு வைக்கச் சொல்லி சங்கைச் சோதிக்கணும்" என்றாள்.

கோபு வாசலுக்குப் போய்க் கத்தினான். சற்று நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு சங்கு அலறியது. முற்றத்தில் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். அணைந்த உலையின் பக்கம் இருந்தவர்கள் பழக்கத்தில் பின்னால் ஓடினார்கள். தாஸ்நகர் முழுக்கக் கேட்டிருக்கும். நிதாய் படுத்திருந்த ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே கேட்காது.

திருவேங்கடம் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். ஜலஜா அதை நிறுத்த அவசரப்படவில்லை.